ஞாயிறுதோறும் பூ வரையப் போகும் மகள்

அன்புள்ள அம்மா,

பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், ஞாயிறு வந்தால் தாவர ஓவியப் பயிலரங்கு, சொற்பொழிவு என்று கிளம்பிவிடுகிறாள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள் பிரிக்காமலே கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்பது நியாயமான கேள்வி. தாவர ஓவியத்துக்கென்றே மாதச் சம்பளம் தரும் வேலைகள் நம் நாட்டில் மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று பேசிச் செய்துகொடுப்பதுதான். ஆனாலும் அவளைத் தடுக்காதீர்கள். தாவரவியல் படித்தவளுக்கு இந்தக் கைத்திறனும் சேர்ந்தால் அவள் பட்டத்தின் மதிப்பு கூடும்.

செங்காந்தளை வேலியோரத்தில் பார்த்திருப்பீர்கள். ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு நாளுக்கு நாள் மாறும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொடியைத் தாங்கும். சூலகத்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீளும். இத்தனையும் ஒரே புகைப்படத்தில் தெளிவாக விழுவது அரிது. ஓவியரோ பூ, இலைநுனி, வெடித்த காய், விதை, கிழங்கு எல்லாவற்றையும் உரிய அளவோடு ஒரே தாளில் காட்டிவிடுவார். புதிய தாவர இனங்களை அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் கோட்டோவியங்கள் வருவது இதனால்தான். (அந்தக் கிழங்கு கடும் நஞ்சு. தொட்டு வரைந்தால் கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்.)

நீங்கள் கோவைக்காரர் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. 1842 முதல் 1853 வரை உங்கள் ஊரில் பருத்திப் பண்ணைகளை நடத்திய ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களின் படங்களை இரண்டாயிரத்துக்கு மேல் அச்சிட்டு வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். அவர்களுடைய படங்கள் எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன. நம் காலத்துக்கு வந்தால், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் (உலர்தாவரத் தொகுப்பகத்தில்) அருட்தந்தை கே.எம். மாத்யூ தொகுத்த ‘The Flora of the Tamilnadu Carnatic’ என்ற தாவரவியல் நூலுக்குப் படங்களுக்கென்றே தனித் தொகுதி உண்டு. உங்கள் மகள் அதைக் கட்டாயம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

எந்தப் பயிலரங்கு என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மேசையில் உயிருள்ள கிளை இருக்கிறதா, அலைபேசிப் படத்தைப் பார்த்து வரையச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். தூரிகையைத் தொடுமுன் பூவைப் பிரித்து மகரந்தத்தாள்களை எண்ணவும், கவராயத்தால் இலையை அளக்கவும் வைக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். அறிவியல் பெயர், பறித்த இடம், நாள், அளவுக்கோடு இவை இல்லாத படம் சுவரில் மாட்ட ஏற்றது, ஆய்வாளருக்கு உதவாது. விலையுயர்ந்த வண்ணப்பெட்டி இப்போது வேண்டாம். வழவழப்பான தாள், கூரிய பென்சில், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நல்ல தூரிகை ஒன்று, இவை போதும்.

சொற்பொழிவுகளையும் வீண் பொழுது என்று எண்ணாதீர்கள். தாவரங்களை இனம்பிரிக்கும் வகைப்பாட்டியல் ஆய்வாளர்களும் வனத்துறையினரும் பூங்காப் பொறுப்பாளர்களும் வந்து உட்காரும் இடம் அது. உரை முடிந்ததும் தன் குறிப்பேட்டை ஒருவரிடமாவது காட்டித் திருத்தம் கேட்கட்டும். படம் தேவைப்படும்போது அவர்களுக்கு அவள் நினைவு வரும்.

உங்கள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். பேராசிரியரிடம் கடிதம் வாங்கிச் சென்று உலர்தாவரத் தாள்களைப் பார்த்து வரையப் பழகட்டும். முதுகலையில் வகைப்பாட்டியலை எடுத்தால் இந்தப் பயிற்சி அப்படியே கைகொடுக்கும்.

அவளோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஞாயிறு அவளுக்கு. மற்ற ஆறு நாளும் தினம் இரண்டு மணி நேரம் போட்டித் தேர்வுக்கு. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் உங்கள் பகுதிச் செடிகளில் பத்தை முழுமையாக வரைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவளே தெருப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கட்டும், உங்கள் வீட்டு மொட்டைமாடியிலேயே. பயிலரங்கு நடத்துவதும் ஒரு வருமானம்தான், அதற்கும் பழக வேண்டுமல்லவா? ஒரு கொத்து முருங்கைப் பூ போதும். பார்வைக்குப் பத்து வெள்ளை இதழாகத் தெரிவதில் ஐந்து புல்லி, ஐந்து அல்லி என்று பிரித்துக் காட்டவே அரை மணி நேரம் போய்விடும்.