உறையில் கூடை வரைந்த டொக்டர்

"உங்களோடு பணியாற்றிய மூத்த வைத்தியர் ஒருவரிடம் கண்ட விநோதமான பழக்கங்கள் எவை?" என்ற கேள்விக்கு, மலையகத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் விசேட வைத்திய நிபுணரின் பழக்கங்கள் சிரிப்பையும் தரும், கிளினிக் நாள்களில் எரிச்சலையும் தரும்.

பிரஷர் பார்க்க வருபவரை அவர் உடனே பார்க்க மாட்டார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து இறங்கி, பஸ்ஸில் நின்றபடி வந்து, எங்கள் படிகளையும் ஏறியவருக்கு அளவு கூடித்தான் காட்டும் என்பதால், ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கொழுந்து எப்படி, மழை எப்படி என்று தாமே பேச்சுக் கொடுப்பார். கையில் பட்டியைச் சுற்றியதும், பேசினால் அளவு ஏறும் என்று வாயில் விரலை வைத்துவிடுவார். பாதிக் கதையில் நிறுத்தப்பட்ட அம்மாமாரின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கிளினிக் கொப்பியைவிட மருந்துப் பையையே அவர் நம்புவார். அதை மேசையில் கொட்டச் சொல்லி, மிஞ்சிய குளிசைகளைத் தாமே எண்ணுவார். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரிடம், கால் வீக்கத்துக்குக் கொடுத்த ஃபுரூசமைட் மட்டும் அப்படியே இருந்தது. "ஏம்மா?" என்றதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். குடித்தால் அடிக்கடி சிறுநீர் போகும். தேயிலை மலையில் கழிப்பறைக்கு எங்கே போவது? ஆறு மணித்தியாலமளவில் அதன் வேகம் அடங்கிவிடும் என்று கணக்குப் பார்த்த டொக்டர், மாலையில் கூடைக் கொழுந்தை நிறை பார்த்து முடிந்ததும் குடிக்கும்படி மாற்றி, வாசிக்கத் தெரியாத அவருக்காக மருந்து உறையில் ஒரு கூடையை வரைந்தார். பார்ப்பதற்குப் பானை போலத்தான் இருந்தது. ஆனாலும் எங்கள் பார்மசியில் இப்போது சூரியனோடும் நிலாவோடும் கூடையும் ஒரு வேளையாகிவிட்டது.

சீனி வருத்தக்காரரின் செருப்பைக் கழற்றச் சொல்லி, முக்காலி போட்டு உட்கார்ந்து விரலிடுக்குகளைப் பார்ப்பது இன்னொன்று. உணர்விழந்த காலில் அட்டை கடித்த இடம், புண்ணாகும்வரை தெரியாமலே போகலாம். இந்த வேலையைப் பயிற்சி வைத்தியர்களிடம் அவர் விடுவதே இல்லை.

தேயிலைக்கு நடுவே இருந்துகொண்டு வெறும் சுடுதண்ணீர் குடிப்பதற்கு மட்டும் எனக்குக் காரணம் பிடிபடவில்லை. பெயர்களும் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. நோயாளியைத் தோட்டத்தையும் டிவிஷனையும் சொல்லியே அழைப்பார். என் சொந்தத் தோட்டம் எதுவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி நானும் அந்தத் தோட்டத்தின் பெயராலேயே கூப்பிடப்படுகிறேன்.