ரெமிங்டன் சிலை: பளிங்குப் பீடம் இருந்தால் அசலா?

உங்கள் சிலை பெரும்பாலும் மறுவார்ப்புதான், அதாவது பிற்காலத்தில் வேறு யாரோ வார்த்த நகல். துள்ளும் குதிரையை அடக்கும் வீரனைக் காட்டும் உங்கள் ‘பிராங்கோ பஸ்டர்’ வெண்கலச் சிலை பளிங்குப் பீடத்தில் நிற்கிறது என்கிறீர்களே, முதல் சந்தேகமே அங்கேதான். பழைய வார்ப்புகளில் அடித்தளமும் வெண்கலமாகவே இருக்கும். அமெரிக்கச் சிற்பி ஃபிரெடரிக் ரெமிங்டன் 1895-இல் செய்த சிலை இது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் யாரும் வார்க்கலாம்.

பளிங்குக்கு மேல் குதிரையின் காலடியில் உள்ள வெண்கல அடித்தளத்தின் நீளத்தை அளந்து, அசல் சிலைக்கு அருங்காட்சியகம் தரும் அளவோடு ஒப்பிடுங்கள். சிலையிலிருந்தே அச்செடுத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கிச் சற்றுச் சிறிதாகும். அப்புறம் பிடரிமயிரையும் கடிவாளத்தையும் உற்றுப் பாருங்கள், மறுவார்ப்பானால் கோடுகள் மழுங்கியிருக்கும்.

கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள், அதுவும் அச்சிலேயே வந்துவிடும். ஆனால் ஒன்று: 1900-க்குப் பிறகு மெழுகு முறையில், அதாவது ஒவ்வொரு சிலைக்கும் தனி மெழுகு உருவம் செய்து வார்த்தபோது, ரெமிங்டனே சிலைக்குச் சிலை சிறு மாற்றங்கள் செய்தார். வேறுபாடு தெரிந்தாலே போலி என்று முடிவு கட்டாமல் நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.