தோட்டக் கொட்டகையில் சைக்கிளைப் பூட்டத் தரை வளையம் எதற்கு?

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்து மரக் கொட்டகையில் சைக்கிள் வைப்போருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது தரை வளையம். கான்கிரீட் தரையில் துளையிட்டு போல்ட்டால் இறுக்கப்படும் எஃகு வளையம் அது. அதன் வழியாகவும் சைக்கிளின் சட்டகத்தின் வழியாகவும் சங்கிலியைக் கோத்துப் பூட்ட வேண்டும். கழற்றக்கூடிய சக்கரத்தை மட்டும் பூட்டினால் பயனில்லை.

இது தேவைப்படுவதற்குக் காரணம் கொட்டகையின் கட்டுமானமே. கதவின் கொண்டியும் கீல்களும் பெரும்பாலும் மெல்லிய பலகையில் சிறிய திருகாணிகளால் பொருத்தப்படுவதால், திருட வருபவர் பூட்டைத் தொடவே வேண்டியதில்லை. திருகாணிகளைக் கழற்றினாலோ கடப்பாரையால் நெம்பினாலோ கொண்டி பூட்டோடு பெயர்ந்து வந்துவிடும். முளைக்குச்சி ஆழமாக இறங்கியிருக்காவிட்டால், எவ்வளவு தடித்த கயிற்றில் கட்டினாலும் மாடு குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் அல்லவா, அதைப் போலத்தான். திருகாணிகளுக்குப் பதிலாகப் பலகையை ஊடுருவி உட்புறம் நட்டால் முடுக்கப்படும் போல்ட்டுகளைப் பொருத்துவது, செலவு குறைந்த, நான் முதலில் செய்யச் சொல்லும் மாற்றம்.

சங்கிலியையும் பூட்டையும் வாங்கும்போது பூட்டுகளைச் சோதித்துத் தரச்சான்று வழங்கும் ‘சோல்ட் செக்யூர்’ அமைப்பின் வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்ற தர முத்திரைகளில் கடைசி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சங்கிலி தொய்ந்து தரையில் கிடக்கக் கூடாது. கிடந்தால் வெட்டுக் கருவியின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியின்மேல் உடல் எடை முழுவதையும் செலுத்தி அதை நறுக்கிவிட முடியும்.

கொட்டகைக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கினால் உள்ளிருக்கும் சைக்கிளைத் தனியே பூட்ட வேண்டியதில்லை என்று பலர் நம்புவது தவறு. அந்தப் பூட்டின் வலிமை, அது மாட்டப்பட்டிருக்கும் பலகையின் வலிமையைத் தாண்டாது.