ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

ரெசிபியில் எல்லாம் கப் கணக்கில் இருக்கிறது, வீட்டில் தராசு இருக்கிறது, ஒரு கப்புக்கு இத்தனை கிராம் என்று பொதுவாக ஒரு கணக்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொதுவான கணக்கு கிடையாது. கப் ஒரு பொருள் அடைக்கும் இடத்தைத்தான் அளக்கிறது. எடை பொருளுக்குப் பொருள் மாறும். 240 மில்லி கப்பில் தண்ணீர் 240 கிராம். அதே கப்பில் தேன் 340 கிராம் வரை வரும், சர்க்கரை 200, வெண்ணெய் 227, எண்ணெய் 215 முதல் 220, ஐசிங் சுகர் சுமார் 120. பிரவுன் சுகரை அழுத்தி நிரப்பச் சொல்லியிருந்தால் 200 முதல் 220 என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் பாடாய்ப் படுத்துவது மைதாதான். கப்பை நேராக மாவுக்குள் விட்டு அள்ளிப் பாருங்கள், மாவு அமுங்கி 140, சில சமயம் 150 கிராம்கூட ஏறிவிடும். அதே மாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் மெல்ல எடுத்துக் கப்பில் போட்டு, மேலே குவிந்திருப்பதைக் கத்தியின் முதுகால் வழித்துவிட்டால் 120, 125தான் நிற்கும். கப்பைத் தட்டவோ குலுக்கவோ கூடாது, குலுக்கினால் மறுபடி இறங்கிவிடும். ஒரு கப்பில் 30 கிராம் வித்தியாசம் என்றால் மூன்று கப்புக்கு 90 கிராம், அதாவது முக்கால் கப் மாவு கூடுதல். கேக் வறண்டு, கெட்டியாகிப் போவதற்கு இது ஒன்றே போதும். ரெசிபி எழுதியவர் எப்படி அளந்தார் என்று சொல்லாவிட்டால் நான் 125 கிராம் என்றுதான் எடுப்பேன்.

அப்புறம், கப்பும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்க ரெசிபி என்றால் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் ஓரளவு தப்பிக்கும். ஆனால் முட்டை மட்டும் எண்ணிக்கையில் இருப்பதால் அங்கே இடிக்கும். அதனால் மாற்றத் தொடங்கும் முன் ரெசிபி எந்த நாட்டுடையது என்று பாருங்கள். அவுன்ஸ் என்று இருந்தால் இன்னும் கவனம்: எடை அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல், திரவ அவுன்ஸ் அமெரிக்கக் கணக்கில் 30 மில்லிக்குச் சற்றுக் குறைவு. எட்டு அவுன்ஸ் பால் ஒரு கப் என்பது சரி, எட்டு அவுன்ஸ் மைதா கிட்டத்தட்ட இரண்டு கப்.

கிராமிலிருந்து கப்புக்குப் போக, அந்தப் பொருளின் ஒரு கப் எடையால் வகுத்தால் போதும். 180 கிராம் மைதா ஏறக்குறைய ஒன்றரைக் கப், 150 கிராம் சர்க்கரை முக்கால் கப்.

தராசு இருப்பதால் ஒரு வசதி சொல்கிறேன். கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, மாவைப் போட்டு, மறுபடி பூஜ்யமாக்கி, சர்க்கரையைப் போடுங்கள். தேனையும் அப்படியே கிண்ணத்தில் ஊற்றிவிடலாம், கப்பில் ஒட்டி வீணாகாது.

பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடர், உப்பு இவற்றை மட்டும் கிராமுக்கு மாற்ற வேண்டாம். ஒரு டீஸ்பூன் 5 மில்லி, எடை நான்கு முதல் ஆறு கிராம்தான். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சமையல் தராசில் அது சரியாக விழாது. அளவு ஸ்பூனில் தலைதட்டி எடுத்தாலே துல்லியமாக இருக்கும்.