சூடானுக்கு நிவாரணம்: நிபந்தனையை எங்கே வைப்பது?

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத் தொண்டர் குழு ஒன்றின் செயலாளர் கேட்கிறார்: "சூடான் மக்களுக்காக 40,000 வெள்ளி திரட்டி, அங்குள்ள உள்ளூர் அமைப்பு ஒன்றின் வழியாக உணவு கொடுக்க நினைக்கிறோம். ஒரு மூட்டைகூட ஆயுதக் குழுவிடம் போகக்கூடாது. போனால் முழுத் தொகையும் திரும்ப வரவேண்டும். சூடான் அரசு நிவாரண லாரிகளைத் தடுத்தால் உதவி நிற்கும். இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதலாமா?"

எழுதலாம். ஆனால் இதே வாசகங்களில் எழுதினால் அடிபடுவது பசித்தவர்தான். பணம் போகும் வழிக்கு எத்தனை நிபந்தனை வேண்டுமானாலும் போடுங்கள். சாப்பிடுகிறவர் தலையில் ஒன்றும் வைக்காதீர்கள்.

மூன்றாவதை முதலில் எடுத்துவிடுங்கள். லாரியை மறிப்பவர் பட்டினி கிடப்பதில்லை. சாட் நாட்டிலிருந்து சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபுருக்குப் போகும் அட்ரே எல்லைவழி 2024 பிப்ரவரியில் மூடப்பட்டு, ஆகஸ்டில்தான் திறந்தது. அதே ஆகஸ்டில் டார்ஃபுரில் உள்ள ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. அந்த நேரம் பார்த்து நாமும் கைவிரித்தால் மறித்தவருக்கு என்ன நட்டம்? அதற்குப் பதிலாக, "வழி அடைபட்டால் பணம் 60 நாள் காத்திருக்கும், பிறகு இரு தரப்பும் பேசி, சாட்டில் உள்ள சூடான் அகதிகளுக்குத் திருப்பலாம்" என்று எழுதுங்கள். நன்கொடை கேட்கும் அறிவிப்பிலும் இதே வரி இருக்கட்டும். ஒன்றுக்கென்று வாங்கியதை வேறொன்றுக்குச் செலவிட்டால் கொடுத்தவர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்ற வரிதான் மிகவும் ஆபத்தானது. கிடங்கு கொள்ளை போனால் சிறிய அமைப்பு அத்தோடு மூழ்கிவிடும். அதனால் இழப்பை உங்களிடமிருந்து மறைப்பார்கள், கணக்கில் ஈடுகட்டப் பார்ப்பார்கள். நேர்மையானவரையே பொய் சொல்ல வைக்கும் நிபந்தனை இது. இழப்பு தெரிந்த 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவித்தால் அது இரு தரப்பின் இழப்பு, மறைத்தாலோ அவர்களே கையாடினாலோ திருப்பித் தரவேண்டும் என்று பிரித்து எழுதுங்கள். 2011 சோமாலியப் பஞ்சத்தில் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு பல நிவாரண அமைப்புகளை விரட்டியது; எஞ்சியிருந்தவர்களையும் நன்கொடையாளர்களையும் பயங்கரவாத நிதித் தடைச் சட்டங்கள் மீதான அச்சம் தயங்க வைத்தது. அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 258,000 பேர் இறந்தார்கள்.

இப்போது முதல் நிபந்தனை. மூட்டை கைமாறியதெல்லாம் ஆயுதக் குழுவிடம் போனதாகாது. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு மாதப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் சோளம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய் என்று வைத்தால் 60 கிலோ சோளம், 9 கிலோ பருப்பு, 3.75 கிலோ எண்ணெய். சோளத்தை மாவாக அரைக்கக் கூலி வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும், பிள்ளைக்கு மருந்து வேண்டும். அதனால் பங்கில் ஐந்தாறு கிலோவை விற்பார்கள். சந்தையில் நிவாரண மூட்டை தென்பட்டதும் திருட்டு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒன்றிரண்டு, வாய் பிரித்த மூட்டைகள் என்றால் பெரும்பாலும் குடும்பங்கள் விற்றவை. தைத்த வாய் பிரியாமல், ஒரே தொகுதி எண்ணோடு லாரிக் கணக்கில் குவிந்திருந்தால் கிடங்கிலேயே கசிவு. அரவைக் கூலியையும் சேர்த்துக் கொடுத்தாலே விற்பனை குறையும்.

பணத்தை 40, 40, 20 விழுக்காடாக மூன்று தவணையில் விடுங்கள். அடுத்த தவணைக்கு முன் லாரிச் சீட்டு, கிடங்கு இருப்புப் பேரேடு, விநியோகப் பதிவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சீட்டில் 300 மூட்டை, பேரேட்டில் 291 என்றால் அந்த ஒன்பதுக்கு விளக்கம் வரும்வரை பணம் விடாதீர்கள். சோதனைச்சாவடியில் யாருக்கும் பணமோ பொருளோ தரக்கூடாது என்பதைத் தனி வரியாகவே எழுதுங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கம் கவனிக்க வேண்டியவை சில. வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கும் முன் பணம் செலுத்துவதற்கான பேநவ் குறியீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். செலவு போக மிஞ்சும் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. விண்ணப்பத்திலேயே தளர்வு கேளுங்கள். வெளிநாட்டு நிவாரணத்துக்குக் கொடுப்பவருக்குப் பொதுவாக வரிக்கழிவு கிடையாது (2025 முதல் 2028 வரை, அரசு குறித்த சில அறநிறுவனங்களின் வழியாக அவசர நிவாரணத்துக்குக் கொடுப்பது மட்டும் விதிவிலக்கு), அதையும் சொல்லிவிடுங்கள். பங்காளி அமைப்பு, அதன் நிர்வாகிகள், வங்கிக் கணக்கின் உரிமையாளர் ஆகியோரின் பெயர்களைத் தடைப்பட்டியல்களில் சரிபார்த்து, தேதியோடு பதிவுசெய்யுங்கள். பயங்கரவாதத்துக்கு நிதி போவதை ஒடுக்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் சிறு குழுவையும் விடாது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஐநா பாதுகாப்பு மன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய 2664ஆம் தீர்மானம், தடைப்பட்டியலில் உள்ளவர்கள் மீதான சொத்து முடக்கத்திலிருந்து மனிதாபிமான உதவிக்கு விலக்கு தருகிறது. ஆனால் அது ஐநா அமைப்புகள், ஐநாவின் நிவாரணத் திட்டங்களில் பங்கேற்கும் நிறுவனங்கள், அவற்றின் பங்காளிகள் போன்றோருக்குத்தான். நேரடியாகப் பணம் அனுப்பும் செங்காங் குழுவுக்கு அது தானாக வந்து சேராது. ஆகவே உங்கள் பங்காளி அந்த வட்டத்துக்குள் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லை என்றால், அனுமதியோடு நிதி திரட்டும் சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்பிடம் கொடுப்பதே என் பரிந்துரை.

பயனாளிகளின் பெயர், கைரேகை, புகைப்படம் எதையும் உங்களுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். ஊர் கைமாறினால் அந்தப் பட்டியலே வேட்டைப் பட்டியல் ஆகிவிடும். வரிசை எண்ணும் குடும்ப அளவும் போதும். அசல் பதிவேடு எங்கே, யார் பொறுப்பில் இருக்கும், ஆபத்து வந்தால் யார் அழிப்பார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.