நண்டுப்புல்லுக்கு மருந்து போட எந்த மாதம்?

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் வீட்டுக்காரரும் எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்று, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீட்டில் இருக்கிறோம். வாசலில் புல்தரையாகப் போட்ட கவ் கிராஸுக்கு நடுவே நண்டுக்கால் மாதிரி பரவும் புல் வருகிறது. பிடுங்கினாலும் நிற்கவில்லை. வசந்த காலத் தொடக்கத்தில் விதை முளைக்காத மருந்து போடச் சொல்கிறது ஒரு வீடியோ. நமக்கு அது எந்த மாதம்? கடையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: வணக்கம் அம்மா. நமக்கு அப்படி ஒரு மாதமே கிடையாது. குளிர் நாடுகளில் பனிக்காலம் போய் மண் 13 டிகிரி அளவுக்குச் சூடேறும்போது நண்டுப்புல் விதை முளைக்கத் தொடங்கும். அதற்கு முன்னால் மருந்து போடுவது அவர்கள் கணக்கு. பேராக்கில் மண் என்றைக்கும் சூடுதான். மழை பெய்து, வெயில் படும் வெற்றிடமும் இருந்தால் எந்த மாதமும் முளைக்கும். மருந்தின் வேகமோ சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் அடங்கிவிடும். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

முதலில் புல்லைச் சரியாகப் பாருங்கள், ஏனென்றால் கவ் கிராஸையே களை என்று பிடுங்குபவர்கள் நிறையப் பேர். கவ் கிராஸ் இலையின் நுனி மழுங்கியிருக்கும். கதிரில் உச்சியில் இரண்டு கிளை ஜோடியாகப் பிரிந்து நிற்கும். நண்டுப்புல் இலை வெளிர்பச்சை, நுனி கூர்மை. தண்டு நடுவிலிருந்து நாலா பக்கமும் படர்ந்து, மண்ணைத் தொடும் கணுவில் வேர் விடும். கதிர் மெல்லிய விரல்களாக விரியும். இலை தண்டைச் சுற்றும் இடத்தைத் தடவினால் பெரும்பாலும் ரோமம் தட்டுப்படும்.

இன்னொன்றும் இருக்கிறது: மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்பது, கேழ்வரகின் நெருங்கிய சொந்தம். அடித்தண்டு இஸ்திரி போட்டது போலத் தட்டையாக, வெள்ளையாக இருக்கும். இழுத்தால் லேசில் வராது. கணுவில் வேர் விடாது. மோட்டார் சைக்கிள் நிறுத்தி மண் இறுகிய இடத்தில் இது நிற்கிறதா என்று பாருங்கள்.

கிளைபோசேட் வேண்டவே வேண்டாம். அது பட்ட இடத்தில் உங்கள் கவ் கிராஸும் சாகும், அந்த வெற்றிடத்தில் மறுபடி களைதான் முந்தும். சம்பாவாக இருந்தால் சாகாமலும் போகலாம். கிளைபோசேட்டுக்கு அசையாத சம்பாவ் 1997-லேயே மலேசியப் பழத்தோட்டங்களில் கண்டறியப்பட்டது. எஸ்டேட்டில் மருந்து அடித்துப் பழகிய கைக்கு இதை ஏற்பது கஷ்டம்தான், ஆனாலும் வாசல் புல்லுக்கு அந்த வழி ஒத்துவராது.

உண்மையான காரணம் பெரும்பாலும் புல் வெட்டுகிற விதம். கூலிக்கு வருபவர் மண் தெரிய மழித்துவிட்டுப் போகிறாரா? நண்டுப்புல் விதைக்கு வெளிச்சம் பட்டால் உற்சாகம். இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அடர்ந்த கவ் கிராஸ் நிழலில் அந்த விதை தலைதூக்குவது சிரமம். பல வீட்டு விதை அவர் புல் வெட்டும் மெஷினில் ஒட்டித்தான் வருகிறது. உங்கள் வாசலில் இறக்குவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

இப்போது இருப்பதை, மழை பெய்து மண் இளகிய மறுநாள், கதிர் வருமுன் வேரோடு எடுங்கள். நண்டுப்புல்லில் ஒவ்வொரு கணு வேரையும் தேடி எடுக்க வேண்டும், துண்டு மிஞ்சினால் மறுபடி தழைக்கும். சம்பாவுக்குக் கத்தி முனையை அடியில் கொடுத்து நெம்புங்கள். எடுத்த குழியை அன்றைக்கே மூடுங்கள்: மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, ஓரத்தில் ஓடும் கவ் கிராஸ் கொடியை வெட்டி ஊன்றித் தண்ணீர் விடுங்கள். மோட்டார் நிற்கும் இடத்தைக் கடப்பாரையால் குத்திக் காற்று விட்டபின் ஊன்றுங்கள், இல்லாவிட்டால் சம்பாவ்தான் திரும்பும். அப்புறம், மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மழை கூடும். அதற்கு முன்னால் ஒரு சுற்று எடுத்துவிட்டால் வேலை பாதி.

மண்ணில் கிடக்கும் பழைய விதை சில வருடம் உயிரோடு இருக்கும், அதனால் முதல் வருடம் முளைத்துக்கொண்டேதான் இருக்கும், மனம் தளராதீர்கள். கதிர் வந்த செடியை எருக்குழியில் போடாமல், பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்.