அக்கரையில கெமிக்கல் கப்பல் எரிஞ்சா யாரு போறது? கேளுங்க, சொல்றேன்

மண்டபத்துல இருக்கேன், கடல்ல எண்ணெய், கெமிக்கல் கொட்டுனா அள்ளுற வேலையில இருந்து ரிட்டையர் ஆனவன். தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

பாம்பன் தம்பி: சிலோன் கடல்ல கப்பல் எரிஞ்சா நம்மாளுக எதுக்குண்ணே போகணும்? நம்ம போட்டைத்தான் புடிச்சிட்டுப் போறாங்களே!

கோவம் நியாயம்தான் தம்பி. ஆனா 2020 செப்டம்பர்ல எரிஞ்ச நியூ டயமண்ட் கப்பல்ல இருந்த சுமார் 2,70,000 டன் குரூடு ஆயில் குவைத்துல இருந்து நம்ம பாரதீப்புக்கு வந்துக்கிட்டு இருந்த சரக்கு. சிலோன்காரங்க கேட்டாங்க, நம்ம கோஸ்ட் கார்டு போச்சு. கேக்காம அடுத்தவன் கடல்ல நுழைய முடியாது.

தங்கச்சிமடம்: அப்ப எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல்?

அதுதான்யா எனக்கு ஆறாத விஷயம். 2021 மே 20ஆம் தேதி கொழும்புக்கு வெளிய தீப்பிடிச்சது, 1,486 கன்டெய்னர், அதுல 25 டன் நைட்ரிக் ஆசிட், நம்ம கோஸ்ட் கார்டோட வைபவ், வஜ்ரா கப்பல் எல்லாம் போய் தண்ணி அடிச்சும் ஜூன்ல முங்கிருச்சு, பிளாஸ்டிக் குருணை கரையெல்லாம் ஒதுங்குச்சு. ஆனா ஆசிட் பொட்டி ஒழுகுறது முன்னாடியே தெரியும், இறக்கிக்கங்கன்னு கத்தார் ஹமாத் துறைமுகத்துலயும் நம்ம குஜராத் ஹசீரா துறைமுகத்துலயும் கப்பல்காரங்க கேட்டிருக்காங்க, ரெண்டு எடத்துலயும் முடியாதுன்னுட்டாங்க. எரிஞ்சப்புறம் கப்பல் அனுப்புறத விட ஒழுகுன பொட்டிய அன்னைக்கே வாங்கி வச்சிருந்தா அதுதான் பெரிய உதவி, நான் அப்படித்தான் சொல்வேன்.

மூக்கையூர்: இதுக்கு ஒப்பந்தம் எதுவும் இருக்கா?

இருக்கு. கொழும்புல ஆபீஸ் வச்சிருக்கிற சாசெப்ங்கிற தெற்காசிய சுற்றுச்சூழல் அமைப்புல இந்த நாடுகளுக்கு எண்ணெய், கெமிக்கல் கசிவுக்குன்னே திட்டம் இருக்கு. இந்தியாவுக்குள்ள கோஸ்ட் கார்டுதான் பொறுப்பு.

கீழக்கரை அக்கா: கரையில டிரம் ஒதுங்குனா எங்க வீட்டுக்காரர் தண்ணி புடிக்க ஆகும்னு உருட்டிட்டு வந்துருவாரு, பரவாயில்லையா?

அய்யோ வேணாங்க்கா! 2025ல கொச்சிக்கு வெளிய முங்குன எல்சா 3 கப்பல்ல கால்சியம் கார்பைடு கன்டெய்னர் இருந்துச்சு, அது தண்ணி பட்டாலே தீப்பிடிக்கிற கேஸ் வரும். தொடாம தள்ளி நின்னு கோஸ்ட் கார்டு நம்பர் 1554க்கு அடிங்க. நடுக்கடல்ல பாத்தா கிட்டப் போகாம ஜிபிஎஸ் பொசிஷன மட்டும் விஹெச்எஃப் வயர்லெஸ்ல சேனல் 16ல சொல்லுங்க.

தொண்டி: ஈசிஆர்ல ஐஸ் கம்பெனிக்கு அமோனியா ஏத்திட்டுப் போற வண்டி கவுந்தா?

வண்டியில ஒட்டியிருக்கிற போர்டுல 1005னு இருந்தா அமோனியா. 112க்கு அடிச்சு மொதல்ல அந்த நம்பரச் சொல்லுங்க, அப்பத்தான் வர்றவன் எதுக்கு வர்றோம்னு தெரிஞ்சு வருவான். புகைக்குள்ள நுழையாம குறுக்கால விலகி, காத்து எங்கிட்டு இருந்து அடிக்குதோ அங்கிட்டுப் போங்க. கீழ தேங்குன திரவத்துல தண்ணி ஊத்தாதீங்க, கூடக் கொதிச்சுக் கெளம்பும்.

பாம்பன் தம்பி: கடைசியா ஒண்ணு, நம்ம பக்கம் எரிஞ்சா அவுங்க வருவாங்களா?

நாம கேட்டா வரணும் தம்பி. கேக்கணும்ல, அதுவும் எரியறதுக்கு முன்னாடி.